பார்த்துக்கொள்பவரை யார் பார்த்துக்கொள்வது?

2018-ஆம் ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். ரயில்வேயிலிருந்து நான் ஓய்வு பெற அப்போது இரண்டு வாரம் பாக்கி இருந்தது. பாராட்டிப் பேசிய நண்பர், "ஊரில் இருந்த வயதான தாயாரை நாக்பூருக்கு அழைத்து வந்து, மறதி நோய் வந்த பிறகும் தன் கூடவே வைத்துப் பராமரித்து வருகிறார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளை அபூர்வம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டேன்.

என் மனைவி விழாவுக்கு வரவில்லை. அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு நாங்கள் இருவரும் சேர்ந்து வெளியே கிளம்பி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. பொன்னாடையும் கையுமாக நான் வீடு திரும்பியபோது, அவள் கொல்லைப்புறத்தில் அம்மா நனைத்த படுக்கை விரிப்பை அலசிக்கொண்டிருந்தாள். "விழா நல்லா நடந்துச்சாங்க?" என்றாள். "பிரமாதம்" என்றேன். "எனக்குக் கொஞ்சம் சர்க்கரைப் பொங்கல் கொண்டு வந்தீங்களா?" என்றாள். மறந்துவிட்டிருந்தேன்.

வாசகர்களே, அந்தப் பொன்னாடை போய்ச் சேர வேண்டிய இடத்தைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நம்மில் பலர் வீட்டில் இன்று வயதானவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறோம். அவர்களைக் கவனித்துக்கொள்பவரைப் பற்றி விசாரிப்பவர் குறைவு. நான் விசாரிக்கத் தவறியதால் பட்ட பாடு இது.

அம்மா வந்த கதை

எங்கள் ஊர் விருத்தாசலம் பக்கம். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, 1980-ல் ரயில்வேயில் சேர்ந்து நாக்பூர் வந்தேன். கேரேஜ் அண்ட் வேகன் பிரிவு. டிரெயின் எக்ஸாமினராகத் தொடங்கி சீனியர் செக்ஷன் இன்ஜினீயராக ஓய்வு பெற்றேன். 2011-ல் அப்பா காலமானார். ஒரு வருடம் அம்மா ஊரில் தனியாக இருந்தாள். 2012-ல், அவளுக்கு 76 வயதானபோது, நாக்பூருக்கு அழைத்து வந்தேன்.

முதல் மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை. காய்கறி வண்டிக்காரரிடம் "கித்னா? கம் கரோ" என்று பேரம் பேசும் அளவுக்கு இந்தி கற்றுக்கொண்டாள். அக்கம்பக்கத்து மராத்தியப் பிள்ளைகளுக்கு அவள் "ஆஜி". அஜ்னி பக்கம் எங்கள் வீடு. எந்த வண்டி ஊதிக்கொண்டு போனாலும் அவளுக்கு அது தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்தான். "நம்ம ஊரு வண்டி போவுது பாரு" என்பாள்.

2015-ல் மாற்றம் தெரிந்தது. குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டாள். தெருமுனைக் கடைக்குப் போனவள் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றாள். "உங்கப்பா இன்னும் வயல்லேருந்து வரலியே" என்று மாலையில் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பரீட்சை வைத்தேன். "இன்னிக்கு என்ன கிழமை, சொல்லும்மா. இது என்ன மாசம்?" அவள் விழிப்பாள். நான் குரலை உயர்த்துவேன். அப்பா இறந்துபோனதை அவளுக்கு நினைவூட்டுவேன். ஒவ்வொரு முறையும் அன்றுதான் கேள்விப்பட்டவள்போல் அழுவாள். இதை எழுத இப்போதும் கை கூசுகிறது.

2016-ல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டினோம். தைராய்டு, பி-12 சத்து எல்லாம் பார்த்தார். அவை குறைந்தாலும் மறதி வரும், மாத்திரையில் சரியாகிவிடும் என்றார். தூக்க மாத்திரை போன்ற சில மருந்துகளும், மனச்சோர்வும், காது கேளாமையும்கூட மறதிபோலத் தோற்றம் காட்டும். அதனால்தான் "வயசாச்சு, அப்படித்தான்" என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடாமல் ஒரு முறை டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். அம்மாவுக்கு ஸ்கேனும் எடுத்த பிறகு அல்சைமர் என்று முடிவாயிற்று. குணமாக்கும் மருந்து கிடையாது, சில மாத்திரைகள் கொஞ்ச காலம் ஈடுகொடுக்கும், மற்றபடி கவனிப்புதான் வைத்தியம் என்றார்.

நம் நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று அதிகமாகவே, சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்த வகை மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. ஆக, 88 லட்சம் வீடு. ஒவ்வொரு வீட்டிலும் குறைந்தது ஒருவராவது இரவில் விழித்திருக்கிறார்.

எங்கள் வீட்டில் விழித்திருந்தது நான் இல்லை. மருந்து வாங்கினேன். டாக்டரிடம் கூட்டிப் போனேன். காலையில் ஷெட்டுக்குக் கிளம்பும்போது "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன். இதற்குப் பெயர் பராமரிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகாவது மாறினேனா என்றால், அதுவும் இல்லை. சங்க வேலை, பென்ஷனர் கூட்டம், காலை நடை என்று ஒரு வருடத்தை வெளியிலேயே கழித்தேன்.

ஒன்பது நாள்

2019 பிப்ரவரியில் என் மனைவிக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. இரண்டாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ரத்தத்தில் சர்க்கரை 420. சிறுநீரகத்தில் தொற்று. அவளுக்குச் சர்க்கரை நோய் இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். "எரிச்சல் எத்தனை நாளா இருந்தது?" என்று டாக்டர் கேட்டார். "பதினைஞ்சு நாளா" என்றாள். "ஏன் வரலை?" என்றார். "வீட்ல அத்தையைப் பார்த்துக்க ஆள் இல்லை டாக்டர்" என்றாள். அவள் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். ஐந்தடி ஒன்பது அங்குலம், எழுபத்தெட்டு கிலோ. ஆள் இல்லையாம்.

ஹைதராபாத்திலிருந்து மகள் வந்து ஆஸ்பத்திரியில் தங்கினாள். வீட்டில் நானும் அம்மாவும். ஒன்பது நாள்.

முதல் இரவு இரண்டு மணிக்கு அம்மா எழுந்து, "மழை வருது, மாட்டப் புடிச்சிக் கட்டணும்" என்று கதவைத் திறக்கப் போனாள். இங்கே மாடு இல்லை, இது நாக்பூர் என்று விளக்கம் சொன்னேன். "நீங்க யாரு? எம் பையன் வந்தா சொல்றேன் பாருங்க" என்று சத்தம் போட்டாள். நான்கு மணி வரை சண்டை. காலையில் குளிக்க வைக்கப் போனேன். கடித்துவிட்டாள். சாப்பாட்டைத் தட்டோடு தள்ளினாள். ஒரு நாளில் நாலு புடவை. விரிப்பு இரண்டு. பழக்க தோஷத்தால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் குறித்து வைத்தேன். ஒன்பது இரவில் 41 முறை எழுந்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு மனைவியிடம் அழாத குறையாகக் கேட்டேன். படுத்த இடத்திலிருந்து அவள் சொன்னாள்: "மாடு இல்லைன்னு சொல்லாதீங்க. 'நான் கட்டிட்டேன் அத்தே, நீங்க படுங்க'ன்னு சொல்லுங்க. குளிக்கன்னு கூப்பிடாதீங்க. வெந்நியைக் கொண்டாந்து வச்சு, காலை மட்டும் கழுவலாம்னு ஆரம்பிங்க. தட்டுல ஒண்ணுக்கு மேல வைக்காதீங்க. சாயங்காலம் நாலு மணிக்கே லைட்டைப் போட்டுடுங்க, இருட்டிச்சுன்னா பயப்படுவாங்க. மத்தியானம் ஒரு முறத்துல பயறு கொட்டிக் குடுங்க, பொறுக்கிட்டே இருப்பாங்க."

அப்படியே செய்தேன். எல்லாமே பலித்தது. எந்தப் புத்தகத்தையும் படிக்காமல், யாரும் சொல்லித் தராமல், மூன்று வருடத்தில் அவளே கண்டுபிடித்தவை இவை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் எத்தனை இரவு போயிருக்கும் என்று என் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று வருடம் என்றால் ஆயிரத்துக்கு மேல் இரவுகள்.

சூடாகும் அச்சு

என் தொழில் பற்றி இரண்டு வரி சொல்ல அனுமதியுங்கள். ஒரு வண்டி ஸ்டேஷனுக்குள் நுழையும்போது, தண்டவாளத்தின் இரு பக்கமும் எங்கள் ஆட்கள் குந்தி உட்கார்ந்து, ஓடிவரும் சக்கரங்களைப் பார்ப்பார்கள், காது கொடுத்துக் கேட்பார்கள். ரோலிங்-இன் எக்ஸாமினேஷன் என்று பெயர். சக்கரத்தில் தட்டைத் தேய்மானம் இருந்தால் சத்தமே காட்டிக் கொடுக்கும். வண்டி நின்றதும் ஆக்ஸில் பாக்ஸ்களைத் தொட்டுப் பார்ப்போம். இப்போது அதற்குச் சூடு பார்க்கும் கருவி வந்துவிட்டது. பேரிங் கெடும்போது முதலில் சத்தம் வராது, புகை வராது. சூடுதான் ஏறும். தொட்டுப் பார்ப்பவனுக்குத்தான் தெரியும். கவனிக்காமல் விட்டால் அச்சு முறிந்து வண்டி தடம் புரளும். கோளாறான கோச்சுக்கு உடனே "சிக்" போட்டுக் கழற்றிவிடுவோம். அதில் எவ்வளவு பெரிய மனிதர் பயணம் செய்தாலும் சரி.

நூறு கஜத்தில் வரும் வண்டியின் சக்கரச் சத்தத்தில் கோளாறைச் சொல்லத் தெரிந்த எனக்கு, அடுக்களையில் நடந்துகொண்டிருந்தவளின் சூடு தெரியவில்லை.

இன்னொன்று. வண்டி ஓட்டும் ரன்னிங் ஸ்டாஃபுக்கு மாதத்தில் நான்கு முறை 30 மணி நேரமோ, ஐந்து முறை 22 மணி நேரமோ தொடர்ந்து ஓய்வு தர வேண்டும் என்று ரயில்வேயில் விதி இருக்கிறது. தூக்கமில்லாதவன் கையில் ஆயிரம் பேர் உயிரை ஒப்படைக்கக் கூடாது என்பதால் வந்த விதி. என் மனைவிக்கு மூன்று வருடத்தில் கிடைத்த முதல் ஓய்வு அந்த ஆஸ்பத்திரிப் படுக்கைதான். அதை அவள் வாயாலேயே சொன்னாள்: "இங்கே ராத்திரி முழுக்கத் தூங்கினேங்க." ஊசி குத்திய கையோடு படுத்துக்கொண்டு, சந்தோஷமாகச் சொன்னாள்.

கவனிப்பவர்களிடம் நாம் பார்க்க வேண்டிய அறிகுறிகள் எளியவை. தன் மருந்தை மறப்பது, தன் டாக்டர் தேதியைத் தள்ளிப்போடுவது, நின்றுகொண்டே சாப்பிடுவது, அற்ப விஷயத்துக்கு அழுவது அல்லது எரிந்து விழுவது, போன் வந்தால் எடுக்காமல் விடுவது. "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்ற பதிலை நம்ப வேண்டாம். தொட்டுப் பாருங்கள்.

பின்னால் வந்த மொழி முன்னால் போகும்

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கென்று தனியாக ஒரு சங்கடம் உண்டு. ஊரில் இருப்பவர்களுக்கு இது தெரியாது.

அம்மாவுக்கு முதலில் போனது இந்தி. வயதான காலத்தில் கற்றுக்கொண்ட மொழி முதலில் உதிர்ந்து, தாய்மொழி கடைசிவரை தங்குவதை இந்த நோயில் பலரிடம் காணலாம். காய்கறிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தவள், பக்கத்து வீட்டு அம்மாள் இந்தியில் நலம் விசாரித்தாலே மிரண்டுபோனாள். டாக்டர் இந்தியில் கேட்கும் கேள்விக்கு மௌனமாக இருப்பாள். ஒரு முறை நான் அதையே தமிழில் கேட்டபோது, பிறந்த ஊர், ஏரியின் பெயர், தன் கல்யாணத்துக்கு வந்த மாட்டுவண்டிகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரே சிரித்துவிட்டார். இதை நீங்களும் நினைவில் வையுங்கள். மருத்துவச் சோதனையின்போது தமிழ் தெரிந்தவர் கூட இருக்க வேண்டும். இல்லையென்றால் மொழி புரியாமையையும் நோயின் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

மனைவி வீடு திரும்பியதும் உதவிக்கு ஒரு பாயி வைத்தோம். நல்ல பெண். ஆனால் அவள் இந்தியில் பேசினால் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். ஓர் அட்டையில் பத்துத் தமிழ்ச் சொற்களை தேவநாகரி எழுத்தில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டினேன். தண்ணி, சாப்பாடு, வலிக்குதா, பாத்ரூம், பயப்படாதீங்க, இதோ வந்துட்டேன். ஒரு வாரத்தில் பாயி அத்தனையும் கற்றுக்கொண்டாள். "பயப்படாதீங்க" என்பதை அவள் "பய்படாதிங்க" என்பாள். அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

செவ்வாயும் வெள்ளியும்

உடல் வேலைக்கு ஆள் கிடைத்தாயிற்று. ஆனால் பாயி போனபிறகு மாலை நேரம்? பேச்சுத் துணைக்கு யார்? அப்போதுதான் நம் சங்கத்தைச் சேர்ந்த, ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் தாமாகவே முன்வந்தார். செவ்வாயும் வெள்ளியும் மாலை நான்கிலிருந்து ஆறு வரை. பல்லாங்குழியைக் கையோடு கொண்டு வருவார். ஆட்டம் எந்த விதியிலும் அடங்காது. அம்மா சோழியைப் போட்ட குழியிலேயே திரும்பப் போடுவாள். அதனால் என்ன? இருவரும் ஏதோ ஓர் ஊர்க் கதையைப் பேசிக்கொண்டிருப்பார்கள். அம்மா அவரைத் தன் ஒன்றுவிட்ட அக்கா என்று நினைத்துக்கொண்டாள். அவரும் மறுக்கவில்லை.

"ரெண்டு மணி நேரம் இருக்கே, எங்கேயாவது போயிட்டு வா" என்று முதல் செவ்வாய்க்கிழமை மனைவியிடம் சொன்னேன். அவள் எங்கும் போகவில்லை. பக்கத்து அறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு தூங்கினாள். மூன்றாவது வாரம்தான் சீதாபுல்டிக்குப் போய்த் தனக்கென்று இரண்டு ரவிக்கைத் துணி வாங்கி வந்தாள். ஒரு மாதத்தில் சர்க்கரை இறங்கத் தொடங்கியது. மாத்திரை காரணம் என்பார் டாக்டர். செவ்வாயும் வெள்ளியும் காரணம் என்பேன் நான். இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம்.

இரவு முறையை நாங்கள் பிரித்துக்கொண்டோம். ஒரு நாள் அவள், ஒரு நாள் நான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பாயியும் ஆசிரியையும் வர முடியாமல் போனபோது, அந்த முறைதான் எங்களைக் காப்பாற்றியது.

தூரத்தில் இருக்கும் உறவுகளுக்கு

என் தங்கை கோயம்புத்தூரில், தம்பி புனேயில். இருவரும் பாசத்தில் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் தூரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மூன்று நாள் வந்து, "அண்ணி, அம்மா ரொம்ப இளைச்சிட்டாங்களே, சரியா சாப்பிடறதில்லையா?" என்பார்கள். கேள்வி அம்மாவைப் பற்றியது. அடி அண்ணிக்கு விழும்.

2019-க்குப் பிறகு மூவரும் போனில் உட்கார்ந்து பேசினோம். முதலில் எழுந்த யோசனை, அம்மாவை மூன்று பேரும் முறை போட்டு வைத்துக்கொள்வது. டாக்டர் வேண்டாம் என்றார். இந்த நோய் வந்தவர்களுக்கு இடம் மாறினால் பயமும் குழப்பமும் கூடும். கழிப்பறை எந்தப் பக்கம் என்பதைக் கால் பழகி வைத்திருக்கும். அதுவும் போய்விடும். அப்போது எனக்கு எங்கள் ஸ்டேஷன் ஞாபகம் வந்தது. நாக்பூரில் வண்டி மாறுவதில்லை. டிரைவரும் கார்டும்தான் மாறுகிறார்கள். அதுபோல, அம்மா இங்கேயே இருக்கட்டும், நீங்கள் வந்து டியூட்டி ஏற்றுக்கொள்ளுங்கள் என்றேன். வருடத்துக்கு இரண்டு முறை தங்கை பத்துப் பத்து நாள் வந்தாள். அந்த நாட்களில் நானும் மனைவியும் ஊருக்குப் போனோம். தம்பி வர முடியாத வேலை. பாயியின் சம்பளம் முழுவதையும் அவன் ஏற்றுக்கொண்டான். முதல் முறை பத்து நாள் முடிந்து கிளம்பும்போது தங்கை தன் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிருங்க அண்ணி" என்று மட்டும் சொன்னாள். அதன்பிறகு இளைத்துப் போன பேச்சே எழவில்லை.

தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்

பணமும் காகிதமும் சம்பந்தப்பட்டவற்றை நோயின் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள். வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக்குவது, நாமினேஷன், உயில் எல்லாம் பெரியவர் தெளிவாக இருக்கும்போதே நடக்க வேண்டும். பவர் ஆஃப் அட்டர்னி இருக்கிறதே என்று இருந்துவிட வேண்டாம். எழுதிக்கொடுத்தவர் சுயபுத்தி இழந்தால் சாதாரணப் பவர் செல்லாது என்பது சட்டம்.

பென்ஷன்தாரர்களின் உயிர்ச் சான்றை 2021 நவம்பர் முதல் செல்போனில் முகத்தைக் காட்டியே கொடுக்கலாம். படுத்த படுக்கையாக இருப்பவரை வங்கிக்குத் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை. 80 வயதைத் தாண்டிய மத்திய அரசு பென்ஷன்தாரருக்கு அடிப்படைப் பென்ஷனில் 20 சதவீதம் கூடுதலாக உண்டு. 85-ல் அது 30 ஆகும். ஆவணத்தில் பிறந்த தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

70 வயதானவர்கள் அனைவருக்கும், வருமானம் எதுவானாலும், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்ற வசதி 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் அது உதவும். வீட்டில் கவனிப்பவருக்கு அதில் ஒன்றும் இல்லை. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டமும் பிள்ளைகளின் கடமையைச் சொல்கிறது. அந்தக் கடமையைத் தோளில் சுமக்கும் மருமகளைப் பற்றியோ மகளைப் பற்றியோ பேசுவதில்லை. ஆகவே அதை நாம்தான் பேச வேண்டும்.

முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணில் எல்டர்லைன் இருக்கிறது. மனச்சோர்வுக்கு 14416 என்ற டெலி-மானஸ் எண். 2022-ல் தொடங்கியது, இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். இரவு மூன்று மணிக்கு "இனி என்னால் முடியாது" என்று தோன்றினால், தயங்காமல் அந்த எண்ணை அழையுங்கள். மறதி நோயாளிகளின் குடும்பங்களுக்காகவே 1992-ல் கேரளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற சங்கத்துக்குப் பல ஊர்களில் கிளைகள் இருக்கின்றன.

கடைசியாக நம் நாக்பூர் வெயில். வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. கேட்கவில்லையே என்று விடாமல் நாமே தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். நேற்றுவரை ஒரு மாதிரி இருந்தவர் இன்று திடீரென்று அதிகமாகக் குழம்பினால், நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். நீர்ச்சத்துக் குறைவோ சிறுநீர்த் தொற்றோ இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள்

நம் சங்கம் பொங்கல் நடத்துகிறது, பட்டிமன்றம் நடத்துகிறது, பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிறது. எல்லாம் நல்ல காரியம். இவற்றோடு இன்னொன்றையும் சேர்க்கலாம். நோயுற்ற பெரியவர் உள்ள வீடுகளுக்கு, வாரம் இரண்டு மணி நேரம், தமிழ் பேசத் தெரிந்த ஒருவரை அனுப்புவது. பணம் தேவையில்லை. மருந்து கொடுப்பதோ குளிப்பாட்டுவதோ இந்த வேலையில் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் பேசினால் போதும். ஒரு வீட்டுக்கு எப்போதும் ஒரே ஆள் போக வேண்டும். முகம் பழக வேண்டும் அல்லவா? அந்த இரண்டு மணி நேரத்தில் வீட்டில் கவனித்துக்கொள்பவர் தூங்கலாம், கோயிலுக்குப் போகலாம், தன் டாக்டரைப் பார்க்கலாம். எந்த ஆஸ்பத்திரியும் எந்த ஏஜென்சியும் நாக்பூரில் இதைத் தர முடியாது. தமிழ்ச் சங்கத்தால் முடியும்.

இதை நான் வெறும் யோசனையாகச் சொல்லவில்லை. என் மனைவியும் அந்த ஆசிரியையும் இப்போது ஆளுக்கு ஒரு வீடாகச் சனிக்கிழமை தோறும் போய் வருகிறார்கள். இரண்டு பேர் போதாது. உதவி தேவைப்படும் குடும்பங்கள் வெட்கப்படாமல் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். நேரம் உள்ளவர்களும், முக்கியமாக ஓய்வு பெற்ற ஆண்களும், பெயர் கொடுங்கள். ஆண்களால் முடியாது என்பதெல்லாம் சாக்கு. ஒன்பது நாளில் கற்றுக்கொள்ளலாம். நானே சாட்சி.

அம்மா 2022 ஜூனில் காலமானாள். வயது 86. கடைசி எட்டு மாதம் அவளுக்கு என்னைத் தெரியவில்லை. "சார்" என்று கூப்பிடுவாள். டாக்டர் என்று நினைத்தாளோ, டிக்கெட் பரிசோதகர் என்று நினைத்தாளோ, தெரியாது. என் மனைவியை மட்டும் "அம்மா" என்று கூப்பிட்டாள். சோறு ஊட்டும் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல, "அம்மா, எங்கேயும் போயிடாதே" என்பாள். "எங்கேயும் போகலை அத்தே" என்பாள் இவள். அந்த வீட்டில் யார் பிள்ளை, யார் மருமகள் என்பதற்கு அம்மா கொடுத்த தீர்ப்பாகவே அதை நான் எடுத்துக்கொண்டேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அலமாரியிலிருந்து அந்தப் பொன்னாடையை எடுத்து மனைவியிடம் கொடுத்தேன். "இதை வச்சு நான் என்ன பண்றது? ஜரிகை உறுத்தும்" என்று சொல்லித் திரும்ப மடித்து வைத்துவிட்டாள்.

இன்று இரவு ஊருக்கோ உடன்பிறந்தவர் வீட்டுக்கோ போன் செய்வீர்கள். அப்பா எப்படி இருக்கிறார், அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்பீர்கள். கேட்ட பிறகு போனை வைத்துவிடாதீர்கள். அவர்களைப் பார்த்துக்கொள்கிறவரைக் கூப்பிட்டு, "நீ சாப்பிட்டியா? ராத்திரி தூங்கினியா? நான் என்னைக்கு வந்து மாத்திவிடட்டும்?" என்று கேளுங்கள். தேதியைச் சொல்லிவிட்டு வையுங்கள்.